வட்டி குறைந்தால் நமக்கு லாபம், சிட்டை எழுதுபவருக்கு?

மாதத்தின் முதல் வாரத்தில் மளிகைக் கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு விலைவாசிப் புள்ளிவிவரம் தனியாகத் தேவையில்லை. வாடிக்கையாளர் கொண்டுவரும் சிட்டையே சொல்லிவிடும். துவரம் பருப்பு ஒரு கிலோ என்று எழுதியவர் அரைக் கிலோ என்று எழுதுவார். நல்லெண்ணெய் இருந்த வரியில் பாமாயில் வந்து உட்காரும். முந்திரி, திராட்சை பொங்கலுக்கு மட்டும் என்றாகும். உப்பும் புளியும்தான் அளவு மாறாமல் இருக்கும்.

இந்த மாற்றம் முதலில் தெரிவது ஓய்வூதியக்காரர் வீட்டுச் சிட்டையில்தான். அவர்களிலும் எல்லோரும் ஒன்றல்ல. மத்திய அரசில் வேலை பார்த்தவருக்கு ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இருமுறை அகவிலை நிவாரணம் கணக்கிடப்படுகிறது. கொரோனா காலத்தில் மூன்று தவணைகளை நிறுத்தி வைத்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் விலை ஏறினால் ஓய்வூதியமும் ஏறும் என்ற ஏற்பாடு அவருக்கு இருக்கிறது.

மில்லிலும் கம்பெனியிலும் முப்பது வருடம் உழைத்தவருக்கு அது இல்லை. 1995ல் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் அகவிலைப்படி என்ற பேச்சே கிடையாது. குறைந்தபட்சம் 1000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். அன்று 1000 ரூபாய்க்குக் கட்டிக் கொடுத்த சாமானை அதே பணத்துக்கு இன்று எந்தக் கடையிலும் கட்டித் தர முடியாது, நம் கடை உட்பட. தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2011ல் 1000 ரூபாய் ஆனது. அது 1200 ஆவதற்கு 2023 ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு 200 ரூபாய்!

இனி, ஓய்வூதியமே இல்லாமல் சேமிப்பின் வட்டியில் வாழ்பவர்கள். இங்கேதான் நாம் கொஞ்சம் மனச்சாட்சியோடு பேச வேண்டியிருக்கிறது.

தபால் நிலையத்திலும் வங்கியிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச் மாதம் 10 லட்சம் போட்டவருக்கு வட்டி 8.6 சதவீதம். அடுத்த மாதம் போட்டவருக்கு 7.4 சதவீதம். போட்ட தேதியின் வட்டிதான் ஐந்து வருடத்துக்கும் என்பதால், சில நாள் தாமதமாகப் போனவருக்கு மாதம் 1000 ரூபாய் வீதம் ஐந்து ஆண்டுகள் நஷ்டம். அந்த நேரத்தில் விலைவாசி இறங்கியதா என்றால் இல்லை. 2020-21ல் சராசரி உயர்வு 6.2 சதவீதம், 2022-23ல் 6.7 சதவீதம். சாதாரண வங்கி வைப்புக்கு 2020ன் பிற்பகுதியில் கிடைத்ததோ 5 சதவீதத்தை ஒட்டித்தான். வட்டி வந்துகொண்டே இருக்க, முதல் கரைந்துகொண்டே போன காலம் அது.

அதே சமயத்தில் நாம் என்ன செய்தோம்? ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 2020 மே மாதம் 4 சதவீதமாகக் குறைத்தபோது மகிழ்ந்தோம். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் அதை 6.5 ஆக ஏற்றியபோது அலறினோம். அலறியதில் நியாயம் உண்டு. சிறு தொழில் கடன்களின் வட்டி ரெப்போவோடு கட்டப்பட்ட பிறகு, 10 லட்சம் ஓவர் டிராஃப்ட் வைத்திருந்தவருக்கு இந்த ஏற்றம் மட்டும் வருடத்துக்கு 25,000 ரூபாய். 2025ல் அது படிப்படியாக 5.25க்கு இறங்கியது நமக்கு மூச்சு விட்ட மாதிரி. ஆனால் நமக்குக் குறைந்த வட்டி வேறொருவர் வைப்பு நிதியிலும் குறைகிறது. அவர் பெரும்பாலும் நம் பற்று நோட்டில் பெயர் உள்ளவர்.

விலை ஏறினால் வியாபாரிக்குக் கொண்டாட்டம் என்று வெளியே ஒரு பேச்சு இருக்கிறது. 2023 ஜூனில் துவரை, உளுந்துக்கு இருப்பு வரம்பு வந்தபோது, நாம் எல்லோருமே பதுக்கல்காரர்கள் என்பது போலப் பார்த்தவர்கள் உண்டு. உள்ளே இருப்பவருக்குத்தான் கணக்குத் தெரியும். ஒரு டின் எண்ணெயை 2000க்கு எடுத்து 2060க்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மறு டின் 2150 என்று வந்தால் 60 ரூபாய் லாபம் எங்கே? கைமுதலில் இன்னும் 90 போட்டால்தான் அதே டின் அலமாரிக்கு வரும். கடைச் சரக்கு குறைவது இப்படித்தான்.

கூலி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடைப் பணியாளருக்கான குறைந்தபட்ச ஊதியத்தில் அகவிலைப்படி உண்டு, விலைக் குறியீட்டை ஒட்டி ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் தேதி மாறுகிறது. எத்தனை பேர் அதைப் பார்த்துச் சம்பளம் போடுகிறோம்? "தீபாவளிக்குப் பார்க்கலாம்" என்று தள்ளுகிறோம். பையன் அடுத்த தெருக் கடைக்குப் போன பிறகுதான் கூட்டிக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

கடைசியாக நம்முடைய முதுமை. சிறு வியாபாரிகளுக்கென்று மத்திய அரசு 2019ல் ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தது. 18 முதல் 40 வயதுக்குள் சேர்ந்து மாதாமாதம் பணம் கட்டினால் 60 வயதுக்குப் பின் மாதம் 3000 ரூபாய். நல்ல நோக்கம், மறுப்பதற்கில்லை. 30 வயதில் 2019லேயே சேர்ந்தவருக்கு 2049ல் அந்தப் பணம் வரும். ரிசர்வ் வங்கி இலக்கு வைத்திருக்கும் 4 சதவீதம் மட்டுமே ஆண்டுக்கு ஏறுவதாகக் கொண்டாலும், அன்றைய 3000 ரூபாய்க்கு 2019 விலையில் சுமார் 925 ரூபாய்ச் சரக்குதான் கிடைக்கும். மில் தொழிலாளியின் 1000 ரூபாயைப் பார்த்துப் பரிதாபப்படுகிற நாம், அவர் நிற்கிற அதே வரிசையில் டோக்கன் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

2025 அக்டோபரில் விலைவாசி உயர்வு 0.25 சதவீதமாக இறங்கியதே, இன்னும் ஏன் இந்தப் பேச்சு என்று சிலர் கேட்கலாம். ஏறும் வேகம் குறைந்தது என்பதற்கு, ஏறியதெல்லாம் இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. அதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?

நமது சங்கங்கள் அரசுக்குக் கொடுக்கும் மனுக்களில் வட்டிக் குறைப்பு தவறாமல் இருக்கும். அதை எடுக்கச் சொல்லவில்லை. அதன் கீழே இரண்டு வரி சேர்க்கச் சொல்கிறோம். தொழிலாளர் ஓய்வூதியத்தையும் சிறு வியாபாரிகளின் 3000 ரூபாயையும் விலைக் குறியீட்டோடு இணைக்க வேண்டும் என்பது ஒன்று. பொது வட்டி குறைந்தாலும் மூத்த குடிமக்கள் சேமிப்பின் வட்டி விலைவாசிக்குக் கீழே போகாது என்று உறுதி தர வேண்டும் என்பது மற்றொன்று. இதற்கு அரசுக்குச் செலவாகும், அது நாம் கட்டும் வரியிலிருந்துதான் வரும் என்பதும் தெரிந்தே சொல்கிறோம். வரியாகப் போவதில் ஒரு பங்கு அரைக் கிலோவை மறுபடி ஒரு கிலோவாக்கி நம் கல்லாவுக்கே திரும்பும் என்பது நமது கணிப்பு. வேறு கணக்கு வைத்திருக்கும் உறுப்பினர்கள் எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் வெளியிடுவோம்.