உடல்நலச் சீட்டு

மதுவிலக்கு நிலவும் குஜராத்தில், மருத்துவக் காரணம் காட்டும் 40 வயது கடந்தோர் உடல்நல அனுமதிச் சீட்டின்பேரில் மது வாங்கலாம். வயது ஏற ஏற அளவும் ஏறும். 65 கடந்தவர்க்கே அதிகம்! பயணச் சீட்டுகளோடு நாள் கழிக்கும் எனக்கு இது விந்தையான சீட்டாகவே தோன்றுகிறது. உடலோ நேர்மாறானது. முதுமையில் நீர்ச்சத்துக் குறைவதால், பழகிய அளவே இரத்தத்தில் மிகுதியாக ஏறும். தூக்க மாத்திரையோ நீரிழிவு மருந்தோ உண்பவர்க்கு இடர் இன்னும் பெரிது.

'அளவாய்ப் பருகும் கனவான்கள் நலமாய்த்தானே உள்ளனர்?' என்பர் சிலர். அந்நலத்தில் செல்வத்துக்கும் நல்லுணவுக்கும் உள்ள பங்கை அவர்கள் எண்ணுவதில்லை. நோயுற்றபின் குடியை விட்டவரும் குடியாதோர் கணக்கிலேயே சேர்கின்றனர். சீட்டுக்கு வழியற்ற ஏழையின் கதை வேறு. 2009-இல் அகமதாபாத்தில் நச்சுச் சாராயம் குடித்து 100-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

நம் இல்லத்துப் பெரியவர் மருத்துவரிடம் குடியளவையும் ஒளிக்காமல் கூறட்டும். உடன் செல்லும் பிள்ளைகள் அவ்வேளை சற்று வெளியே நிற்கலாம்.