எட்டும் எய்ட்டும்

ஏழாம் வகுப்பில் பேச்சுப்போட்டி ஒன்றில் எனக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசாகக் கிடைத்தது. தலைப்பு: உலக மொழிகளுக்கெல்லாம் தாய் தமிழே. ‘எட்டு’தான் வெள்ளைக்காரன் வாயில் ‘எய்ட்’ ஆனது, ‘ஒன்று’தான் ‘ஒன்’ ஆனது என்று கையை வீசிச் சொன்னபோது அப்படியொரு கைத்தட்டல். நெய்வேலியில் எங்கள் எதிர் குவார்ட்டர்ஸில் ஒரு தெலுங்குக் குடும்பம். அந்த அத்தையிடம் டிபன் பாக்ஸைக் காட்டினேன். “நாங்க எட்டை எனிமிதின்னு சொல்லுவோம். அப்ப அது எங்கேருந்துடா வந்துச்சு?” என்று கேட்டார். பதில் தெரியவில்லை. சிரித்துச் சமாளித்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

அதே பேச்சை இன்றைக்கு ரீல்ஸில் வேறு பிள்ளைகள் பேசுகிறார்கள். லைக் குவிகிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கைத்தட்டல் ஒரு ஏமாற்று.

‘எய்ட்’ என்பதன் பழைய ஆங்கில வடிவம் ‘எயஹ்ட’. ஜெர்மனில் ‘ஆக்ட்’, லத்தீனில் ‘ஆக்டோ’, சமஸ்கிருதத்தில் ‘அஷ்ட’. இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு ககரமும் தகரமும் சேர்ந்து நின்றன. இன்று ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒலிக்காமல் கிடக்கும் இரண்டு எழுத்துகள் அந்தக் ககரத்தின் எலும்புதான். இப்போது நம் எட்டைப் பாருங்கள். எண்பது, எண்ணூறு, எண்திசை. கன்னடத்தில் ‘எண்டு’, தெலுங்கில் ‘எனிமிதி’. வேர் ‘எண்’. அங்கே ககரமே கிடையாது. உறவுள்ள சொற்கள் காலத்தில் பின்னே போகப்போக நெருங்கிவர வேண்டும். இவை இரண்டும் பின்னே போகப்போக விலகிப் போகின்றன. ‘ஒன்’ கதையும் இதேதான். அது முன்பு ‘ஆன்’. இப்போது நாம் கேட்கும் உச்சரிப்பு பிற்காலத்தில் முளைத்தது. அதே சொல்லிலிருந்து பிறந்த ‘ஒன்லி’, ‘அலோன்’ இரண்டும் இன்றும் ‘ஓ’ என்றுதான் ஒலிக்கின்றன.

உண்மையான உறவு காதுக்குக் கேட்காது. ‘சைக்கிள் சக்கரம்’ என்கிறோமே, அந்த இரண்டு சொற்களும் ரத்த உறவு. தொல் இந்தோ-ஐரோப்பிய மொழியில் சக்கரத்துக்கு ‘க்வெக்வ்லோ’ போல ஒரு சொல் இருந்தது என்று அறிஞர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். சுழல்வதைக் குறிக்கும் வேர் அது. கிரேக்கத்தில் அது ‘கிக்லோஸ்’ ஆகி, அதிலிருந்து சைக்கிள் வந்தது. இந்தியப் பக்கம் எகரத்துக்கு முன் நின்ற ககரம் சகரமானது, பிறகு எகரமே அகரமாகிவிட்டது. விளைவு ‘சக்ர’, நம் சக்கரம். ஆங்கிலத்தில் ககரம் ஹகரமாகி ‘வீல்’. சுரங்கத்தில் மண்ணை வாரும் ராட்சத எந்திரத்தை பக்கெட் வீல் என்கிறோமே, அதே வீல். மூன்றுமே கடன் வாங்கி நம்மிடம் வந்தவை. நம் சொந்தச் சரக்கு ஆழி, திகிரி, கால்.

இதை ஊகம் என்று ஒதுக்க முடியாது. ககரம் ஹகரமாவது ஒரு சொல்லில் மட்டும் நடந்த விபத்து அல்ல. லத்தீனில் ‘கெந்தும்’ என்றால் ஆங்கிலத்தில் ‘ஹண்ட்ரட்’, அங்கே ‘கோர்னு’ என்றால் இங்கே ‘ஹார்ன்’. 1822-ல் யாகோப் கிரிம் இதை விதியாகவே வகுத்தார். 1879-ல் சொசூர் ஒருபடி மேலே போய், அந்தத் தொல்மொழியில் அழிந்துபோன சில ஒலிகள் இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். பிறகு ஹிட்டைட் களிமண் பலகைகள் வாசிக்கப்பட்டன. 1927-ல் குரிலோவிச் அந்த ஒலிகளில் ஒன்றை, இருக்க வேண்டிய இடத்திலேயே அங்கு எடுத்துக் காட்டினார். நம் ரீல்ஸ் வேர்ச்சொல் ஆய்வு இப்படி ஏதாவது ஒன்றை முன்கூட்டிச் சொல்லியிருக்கிறதா?

“பிள்ளைங்க பெருமைக்குப் பேசிட்டுப் போகட்டுமே, உனக்கென்ன நஷ்டம்?” என்பார்கள். நஷ்டம் தமிழுக்கு. ‘இஞ்சிவேர்’ பாலியில் ‘சிங்கிவேர’ ஆகி, கிரேக்கத்தில் ‘சிங்கிபெரிஸ்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘ஜிஞ்சர்’ ஆனது நிஜம். சமஸ்கிருத ‘மீன’ நம் மீனிலிருந்து போனது என்பதும் ஆய்வாளர் பலர் ஒப்புவதே. ஆனால் ‘எட்டு-எய்ட்’ கேட்டுச் சிரித்தவன் இவற்றையும் அதே சிரிப்போடு தள்ளிவிடுவான். பொய்ச்சாட்சி சொல்லிப் பிடிபட்டவனின் உண்மையான பத்திரமும் கோர்ட்டில் எடுபடாது.

இன்னொரு பக்கம், எல்லாமே சமஸ்கிருதத்திலிருந்துதான் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கான பதிலும் அந்த எண்பதில் இல்லை, இதே ஒப்பீட்டு முறையில்தான் இருக்கிறது. சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816-லேயே தமிழ், தெலுங்கு, கன்னடம் போன்றவை தனிக்குடும்பம் என்று வேர்ச்சொற்களை அடுக்கிக் காட்டினார். கால்டுவெல் நூல் 1856-ல்தான் வந்தது. தேவநேயப் பாவாணரின் உழைப்பு மேல் எனக்கு மரியாதை உண்டு. 1974-ல் தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் அவரை நம்பித்தான் தொடங்கியது. ஆனால் தமிழே உலக முதன்மொழி என்ற அவருடைய முடிவை இந்த முறை தாங்காது. மரியாதைக்காக அதை ஒத்துக்கொள்ள முடியாது.

என் அப்பா வெட்டியெடுத்த லிக்னைட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். லத்தீனில் ‘லிக்னும்’ என்றால் விறகு, பொறுக்கிச் சேர்த்தது. சேர்ப்பதைக் குறிக்கும் அதே வேர்தான் கிரேக்கம் வழியாக ‘லெக்சிகன்’ ஆனது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனின் பெயரும் அப்பாவின் சுரங்கமும் ஒரே வேர். கேட்டால் நம்ப முடியாது. விதியைப் பிடித்துக்கொண்டு போனால்தான் தெரியும்.

என்னை இன்றும் உறுத்துவது ஒன்றுதான். எதிர்வீட்டில் சொந்தக்காரி உட்கார்ந்திருந்தாள், நான் லண்டனில் சொந்தம் தேடிக்கொண்டிருந்தேன். பரோவும் எமனோவும் 1961-ல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தோடா, கோண்டி, குடுக், பலூசிஸ்தானத்து பிராகுயி வரை அதில் நம் வீட்டாள்கள். அடுத்த ரீல் போடுவதற்கு முன் அதில் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். முடியாவிட்டால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், “உங்க பாஷையில இதுக்கு என்ன சொல்வீங்க?” என்று. கைத்தட்டல் கிடைக்காது. பரவாயில்லை.