உயிர் காக்கும் கருவியும் ஓர் உபரிப் பொதியா?

ஒரு கிலோ உப்புக் கேட்பவரிடம், "அரிசியும் பருப்பும் சேர்ந்த பொதியை வாங்கினால்தான் உப்புத் தருவேன்" என்று கடைக்காரர் சொன்னால் என்ன செய்வோம்? அடுத்த கடைக்குப் போவோம். கார் வாங்கும்போது மட்டும் தலையாட்டிப் பணத்தைக் கொடுக்கிறோம். பக்கவாட்டில் கண்ணுக்கு மறைந்து வரும் வாகனத்தைப் பற்றி எச்சரிக்கும் கருவி வேண்டுமா? தோல் இருக்கையையும் சேர்த்து வாங்கு என்கிறார்கள்.

அவர்களது நியாயத்தையும் கேட்போம். வேண்டும், வேண்டாம் என்று தெரிவு செய்யும் அம்சங்கள் 10 இருந்தால் 1,024 விதமான கார்கள் உருவாகும். 20 என்றால் 10 இலட்சத்தைத் தாண்டும். ஒவ்வொன்றுக்கும் வேறு மின்வடங்கள், வேறு உதிரிப்பாகங்கள், வேறு சோதனைகள். தெரிவுகளைக் குறைத்தால் செலவு குறையும் என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அது பாதி உண்மையே. 2016 இல் டெஸ்லா நிறுவனம் 60 கிலோவாட் மணி என்று விற்ற மொடல் எஸ் காரினுள் 75 கிலோவாட் மணி மின்கலம் இருந்தது. மிகுதியை மென்பொருள் பூட்டி வைத்திருந்தது. 2022 இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் காரில் ஏற்கெனவே பொருத்தியிருந்த இருக்கைச் சூடாக்கிக்குப் பிரித்தானியா உள்ளிட்ட சில நாடுகளில் மாதச் சந்தா கேட்டது. கண்டனங்கள் எழுந்தபின், 2023 இல் கைவிட்டது. இங்கே வேறு மின்வடம் எங்கே? வேறு உதிரிப்பாகம் எங்கே?

உண்மையான காரணம் விலைக் கணக்கு. ஒருவர் எச்சரிக்கைக் கருவிக்கு 400 டொலரும் தோல் இருக்கைக்கு 100 டொலரும் கொடுக்கத் தயார். மற்றவர் அதற்கு நேர்மாறு என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே 400 டொலருக்கு விற்றால் கிடைப்பது 800. இரண்டையும் கட்டி 500 டொலருக்கு விற்றால் 1,000. வாடிக்கையாளர் வசதிக்கென்று சொல்லப்படும் பொதியின் சூத்திரம் இதுதான்.

தோல் இருக்கையோடு இது நின்றால் நானும் சிரித்துவிட்டுப் போவேன். வழுக்கும் வீதியில் கார் நிலைகுலையாமல் காக்கும் மின்னணுக் கட்டுப்பாடு 1995 இல் சந்தைக்கு வந்தது. அமெரிக்காவில் புதிய கார்கள் அனைத்துக்கும் அது கட்டாயமானது 2011 செப்டெம்பரில். இடைப்பட்ட 16 ஆண்டுகளில் பல கார்களில் அது மேலதிகப் பணம் கொடுத்தவருக்கே கிடைத்தது. சட்டம் வந்தவுடன் எல்லாக் காரிலும் பொருத்த முடிந்ததே, எப்படி?

வானொலியையும் கூரைச் சாளரத்தையும் எப்படி வேண்டுமானாலும் கட்டி விற்கட்டும். உயிர் காக்கும் கருவியைப் பொதிக்குள் வைப்பது வியாபாரத் தந்திரமன்று, அநீதி. அடுத்த கருவிக்கும் இன்னொரு 16 ஆண்டு காத்திருக்க வேண்டுமா? கார் வாங்கப் போகும் ஒவ்வொருவரும் இதை விற்பனையாளரிடம் கேட்க வேண்டும்.