நாங்கள் கேட்காமல் விட்ட ஊர்கள்

அப்பத்தாவின் கருமாதிப் பத்திரிகையில் எங்கள் எல்லோருடைய ஊர்களும் இருந்தன. ஒரு பேரன் சிங்கப்பூர், ஒரு பேத்தி துபாய், இன்னொருவர் பெங்களூரு என்று பெயர்களுக்குப் பக்கத்தில் போட்டு அச்சடித்தோம். அப்பத்தா போன ஊர்களை எழுதலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், அவற்றை வரிசையாகச் சொல்ல எங்களில் யாருக்கும் தெரியாது.

சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்துக்காரர். தைப்பூசத்துக்குச் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடந்தே போவார். சின்னப் பிள்ளையில் கதிர்காமம் போயிருக்கிறார். பேரன் பேத்தி எடுத்த பிறகு காசி. "சாமி கும்பிடப் போறேன்" என்றுதான் ஒவ்வொரு முறையும் கிளம்புவார். நாங்களும் அதோடு விட்டுவிட்டோம். கும்பிட்ட நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அவர் ஊரையும் சனத்தையும் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார் என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை. திரும்பி வந்தால் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு, "நாளைக்கு இட்லிக்கு மாவு இருக்கா?" என்று கேட்ட வீடு எங்கள் வீடு.

2017-ல் அரிச்சல்முனை வரை புதுச் சாலை திறந்த பிறகு, வேன் பிடித்து எல்லோருமாகத் தனுஷ்கோடி போனோம். இடிந்த தேவாலயத்தின் முன்னால் நின்று மாற்றி மாற்றிப் படம் எடுத்தோம். முழங்கால் வலி என்று அப்பத்தா வேனிலேயே உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இங்கினதான்யா கப்பல் ஏறுனோம். மானாமதுரையில போட் மெயில் ஏறி வந்தோம், எங்கய்யாவும் நானும்" என்றார். "அப்புறம் சொல்லு அப்பத்தா, வெயில் ஏறுது" என்றோம். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் கடலோடு போன ஊர் அது. வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலும் பயணிகளோடு போயிற்று. அந்த ஊர் உயிரோடு இருந்தபோது அதன் ரயில் நிலையத்தையும், தலைமன்னாருக்குப் போகும் கப்பலையும் கண்ணால் பார்த்தவர் எங்கள் வேனுக்குள் இருந்தார். நாங்களோ ஊரின் கதையைக் கைபேசியில் தேடிப் படித்துக்கொண்டிருந்தோம். அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

1830-ல் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்ட ஏனுகுல வீராசாமி வழியெல்லாம் எழுதி வைத்தார். தெலுங்கில் அச்சான அந்தக் குறிப்புகளால் அக்காலத்துச் சாலைகளும் சத்திரங்களும் நமக்குத் தெரிகின்றன. எங்கள் அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும். ஆனால் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? மளிகைக் கணக்கு எழுதிய நோட்டில் நாலு பக்கம் அவருக்கு ஒதுக்க எங்களுக்கு மனசு வரவில்லை.

காசி யாத்திரையை அவர் முறையாகச் செய்தார். ராமேசுவரத்துக் கடலில் மணல் எடுத்து, பிரயாகைத் திரிவேணியில் கரைத்து, அங்கிருந்து கங்கைத் தண்ணீர் கொண்டுவந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்தார். கயையில் பிடித்தமான ஒன்றை விட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். பிடிக்காததை விட்டுவிட்டு வருபவர்களும் உண்டு. அப்பத்தா மாம்பழத்தை விட்டிருக்கிறார். "அப்பத்தாவுக்கு மாம்பழம் ஆகாது" என்றே நாங்கள் பேசி வந்தோம். சித்திரை வைகாசியில் எங்களுக்கு நறுக்கிக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போவார். ஏன் என்று கேட்டதில்லை. அவரோடு காசிக்குப் போன பக்கத்து ஊர் ஆச்சி துக்கம் கேட்க வந்த அன்றைக்குத்தான் விஷயம் வெளியே வந்தது. "அவளுக்கு அதுன்னா உசுராச்சே" என்றார். கேட்டுக்கொண்டிருந்த எங்களால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். காசியிலிருந்து எலுமிச்சம்பழ அளவில் ஒரு செம்புச் சொம்பு கொண்டுவந்திருந்தார், வாயை ஈயம் வைத்து அடைத்த கங்கைத் தண்ணீர். கடைசி நேரத்தில் தன் வாயில் விடவென்று சாமி அலமாரியில் வைத்திருந்தார். பல தடவை எங்களிடம் சொல்லியும் இருக்கிறார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நாங்கள் முறை வைத்துக் காத்திருந்தோம், பணம் கட்டினோம், வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு மணிக்கொரு தரம் தகவல் அனுப்பினோம். சொம்பு யார் நினைவுக்கும் வரவில்லை. காரியமெல்லாம் முடிந்து அலமாரியை ஒழித்தபோது, ஈயம் உடையாமல் அப்படியே இருந்தது.

பாசம் இல்லாமல் நடந்ததல்ல இது. அப்பத்தா எப்போதும் இருப்பார், எப்போது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பு எங்களுக்கு வசதியாக இருந்தது. எங்களைப் போலவே இருந்த வீடுகள் இன்னும் பல இருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது என் சித்தப்பா மகள் அந்த ஆச்சி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, காசிப் பயணத்தை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டிருக்கிறாள். அப்பத்தாவின் கதிர்காமப் பயணம் அந்த ஆச்சிக்கும் தெரியாது. அது போனது போனதுதான். உங்கள் வீட்டில் அப்பத்தாவோ அம்மாச்சியோ இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டை எடுத்துப் போங்கள். எந்தெந்த ஊருக்குப் போனார், யாரோடு போனார், வழியில் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்.