ஊர்தியும் நடுவுநிலைமையும்

நீந்துதல், மிதிவண்டி செலுத்துதல், ஓடுதல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த பந்தயத்தை ‘டிரையத்லான்’ என்பர். 1978-ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுகளில் தோன்றிய ‘அயர்ன்மேன்’ பந்தயத்தில், 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் மிதிவண்டி செலுத்தி, 42.2 கிலோமீட்டர் ஓடுதல் வேண்டும்.

மிதிவண்டியில் முன்செல்வார் காற்றைப் பிளத்தலால், பின்செல்வார்க்கு உழைப்புக் குறையும். ஆதலின், அப்பந்தயத்தில் பிறரை நெருங்கித் தொடர்தல் குற்றமாகும். படம்பிடிக்கும் மோட்டார் சைக்கிள் அருகே முன்செல்லினும் பயன் அதுவேயன்றோ? அவ்வுதவி பெரும்பாலும் முதலில் வருவோர்க்கே கிட்டும். படக்கருவி நாடாத பிறர் எதிர்காற்றோடு தனித்துப் போராடுவர். வல்லாரிடம் தோற்றல் இழிவன்று. ஊர்தியின் துணையால் வென்றாரிடம் தோற்றலோ அநீதி.

கேளாது வந்த உதவியும் உதவியே. காண்பார் களிப்பினும் நடுவுநிலைமை பெரிது. ஆதலின், வீரரைவிட்டு நெடுந்தொலைவு விலகிச் செல்லுதல் படமெடுப்போர் கடனாகும்.