கூரை மேல தகடு, வீட்டுக்குள்ளே இருட்டு! சோலார் போடுமுன் கணக்குப் போடுவோம், பேட்டரிக்கும் மானியம் கேட்போம்!



இப்போ ஊருக்கு ஊர் சோலார் ஆட்கள் வர்றாங்க. டீக்கடையில உட்கார்ந்து, "வீட்டு மேல தகடு போட்டா இனி கரண்ட் பில்லே இல்லை, கரண்ட் கட்டே இல்லை, அரசாங்கமே பணம் குடுக்குது" என்கிறார்கள். கேட்கிற நமக்கும் ஆசை வருது. வராமல் எப்படி இருக்கும்? 2012-ல் நாள் பாதி கரண்ட் இல்லாமல் கிடந்தவர்கள் நாம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலுக்குப் பிறகு, வாரக்கணக்கில் சிம்னி விளக்கிலும் மெழுகுவர்த்தியிலும் காலம் தள்ளியவர்கள் நாம். செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றக் காசு கொடுத்தோம். தொட்டிக்குத் தண்ணி ஏற்ற வாடகை ஜெனரேட்டருக்காக வரிசையில் நின்றோம்.

ஆகவே சோலார் வேண்டாம் என்று சங்கம் சொல்லவில்லை. வேணும், ஒவ்வொரு சிறு குறு விவசாயி வீட்டுக்கும் வேணும். ஆனால் எதை வாங்குகிறோம், யார் பணத்தில் வாங்குகிறோம், கெட்டுப்போனால் யார் வந்து பார்ப்பார்கள்? இந்த மூணு கேள்விக்கும் பதில் தெரியாமல் யாரும் முன்பணம் கொடுக்க வேண்டாம். அதற்காகத்தான் இந்தத் தலையங்கம்.

மானியத் தகடு கரண்ட் போனால் வேலை செய்யுமா?

செய்யாது. இதைத்தான் விற்க வருகிறவர்கள் வாய் திறந்து சொல்வதில்லை.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், மூணு கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் 78,000 ரூபாய் என்று மானியம் வைத்தார்கள். நல்ல தொகைதான். ஆனால் அந்த மானியம் மின்வாரியக் கம்பியோடு சேர்த்துப் போடும் தகட்டுக்கு. பகலில் தகடு தரும் கரண்ட் வீட்டுக்குப் போக மிச்சம் கம்பிக்குப் போகும், கணக்கில் கழிப்பார்கள். பேட்டரிக்கென்று தனியாக அதில் மானியம் இல்லை.

கம்பியில் கரண்ட் நின்றால் அந்த இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். இது பழுது இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஏன்? லைன்மேன் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும்போது நம் வீட்டுத் தகட்டிலிருந்து கரண்ட் கம்பிக்குப் போனால் அவர் உயிர் போய்விடும். அவரும் நம்மைப் போல உழைக்கிறவர், நம் ஊர்ப் பிள்ளை. அந்தப் பாதுகாப்பு கட்டாயம் வேணும்.

ஆனால் இதன் அர்த்தம் என்ன? சுட்டெரிக்கும் மத்தியானத்தில், தலைக்கு மேல தகடு இருக்க, கீழே ஃபேன் ஓடாமல் விசிறி மட்டையால் விசிறிக்கொண்டு இருக்கணும்! பில் குறையும், இருட்டு போகாது. கரண்ட் கட்டுக்கும் புயலுக்கும் உதவணும் என்றால் பேட்டரி வைத்த சோலார் இன்வெர்ட்டர்தான் வழி. அதற்கு மானியம் இல்லை.

2016-ல் வந்த இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்தால், ரெண்டு லைட்டு ஒரு ஃபேனோடு வாழும் குடும்பத்துக்குப் பில் பெரிய பாரமாக இல்லை. அவனுக்குப் பாரமாக இருப்பது கரண்ட் இல்லாத ராத்திரி. திட்டம் போட்டவர்கள் பில் அதிகம் கட்டும் மாடி வீட்டைப் பார்த்தார்கள். ஓட்டு வீட்டைப் பார்க்கவில்லை.

வாங்குமுன் ஒரு பேப்பர் எடுத்துக் கணக்குப் போடுங்கள்

எத்தனை விளக்கு, எத்தனை ஃபேன், எத்தனை மணி நேரம்? வாட்டை மணியால் பெருக்குங்கள். அவ்வளவுதான் கணக்கு. எட்டாவது படிக்கும் பிள்ளை போட்டுக் கொடுக்கும்.

கரண்டே வராத ஒரு முழு நாளைக்கு ஒரு சிறு வீட்டைப் பார்ப்போம். 9 வாட் எல்.இ.டி. பல்பு 4, ஐந்து மணி நேரம்: 180. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் வீதம் 2, எட்டு மணி நேரம்: 1,200. டிவி 60 வாட், மூணு மணி நேரம்: 180. செல்போன் சார்ஜுக்கு 40. ஆக 1,600, அதாவது ஒண்ணரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்.

இதில் முக்கால் பங்கை ஃபேனே தின்கிறது பாருங்கள்! அந்த ரெண்டு ஃபேனையும் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் ஒன்றுக்கு 30 வாட் போதும். 1,200 இருந்த இடத்தில் 480. மொத்தம் 880-ஆக இறங்கிவிடும். ரெண்டு பேட்டரி வாங்க வேண்டிய இடத்தில் ஒரு பேட்டரி போதும். ஆகவே முதலில் ஃபேனை மாற்றுங்கள், அப்புறம் பேட்டரி வாங்குங்கள். விற்கிறவன் இதைச் சொல்ல மாட்டான். ஒரு பேட்டரி குறைந்தால் அவனுக்கு என்ன லாபம்?

மிக்சி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, தண்ணி மோட்டார் எதையும் இந்தச் சின்ன இன்வெர்ட்டரில் போடக் கூடாது. போட்டால் பேட்டரி ஆயுசு குறையும்.

பேட்டரியில்தான் பணமும் இருக்கு, பித்தலாட்டமும் இருக்கு

12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் எழுத்துக்கு 1,800 வாட் மணி. ஆனால் லெட் ஆசிட் பேட்டரியை அடி வரைக்கும் வழித்து எடுக்கக் கூடாது. பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். ஆக நம் கைக்கு வருவது 900. மேலே சொன்ன 880-ல் பகல் நேரத்துக்கானது தகட்டிலிருந்தே நேராக ஓடிவிடும் என்பதால் இது தாங்கும்.

சோலாருக்கென்று செய்த டியூபுலர் பேட்டரியில் சி-10 என்று போட்டிருக்கும். சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரியில் சி-20 இருக்கும். ரெண்டிலும் 150 என்றே எழுதியிருந்தாலும் ரெண்டும் ஒன்றல்ல. சி-10 என்றால் பத்து மணி நேரத்தில் 150-ஐக் கொடுக்கும். சி-20 அதே 150-ஐக் கொடுக்க இருபது மணி நேரம் எடுத்துக்கொள்ளும். வேகமாக இழுத்தால் குறைந்துவிடும். சி-10 விலை வாங்கிக்கொண்டு சி-20 பேட்டரியை இறக்கிவிட்டுப் போன கதை நம் பக்கத்து ஊர்களிலேயே உண்டு. வண்டியிலிருந்து இறக்கும்போதே எழுத்தைப் படியுங்கள்.

லித்தியம் பேட்டரிக்கு விலை கூட. தண்ணி ஊற்ற வேண்டாம், முக்கால் பங்குக்கு மேலும் எடுக்கலாம், உழைப்பும் அதிகம். கையில் பணம் இருப்பவர்கள் யோசிக்கலாம். ஆனால் சார்ஜர் லித்தியத்துக்கு ஏற்றதாக இருக்கணும். பழைய இன்வெர்ட்டரில் அப்படியே மாட்டக் கூடாது.

தகடும் கன்ட்ரோலரும்

நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு ஒரு நாளைக்குச் சராசரியாக நாலு யூனிட் தரும். மேலே சொன்ன சிறு வீட்டுக்கு 330 வாட் தகடு போதும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இது பாதிகூடத் தராது. அந்த நாளில் கரண்ட் வரும்போது கம்பியிலிருந்தும் சார்ஜ் ஏறுகிற மாதிரி இன்வெர்ட்டர் இருக்கணும்.

கன்ட்ரோலர் விஷயத்திலும் ஏமாற்று உண்டு. பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் மலிவு; 12 வோல்ட் பேட்டரிக்கு 12 வோல்ட் தகடுதான் அதில் பொருந்தும். 24 வோல்ட் பெரிய தகட்டை அதில் மாட்டினால் ஏறக்குறைய பாதி கரண்ட் வீண். பெரிய தகடு என்றால் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் கேளுங்கள். இன்வெர்ட்டர் சைன் வேவ் ஆக இருக்கட்டும். மலிவான ஸ்கொயர் வேவில் ஃபேன் உறுமும், சூடேறும்.

தகடு தெற்குப் பார்த்து, பத்துப் பதினைந்து டிகிரி சாய்வில் இருக்கணும். தென்னை மட்டை நிழல் ஒரு ஓரத்தில் விழுந்தாலே கரண்ட் பெருமளவு குறைந்துவிடும். கூரை வீட்டுக்காரர்கள் கூரை மேல வைக்க வேண்டாம். வாசலில் இரும்புக் கம்பம் நட்டு, அடியில் கான்கிரீட் போட்டு அதில் பொருத்துங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் சுவிட்சை அணைத்துவிட்டுத் தகட்டைக் கழற்றி உள்ளே வைத்துவிடலாம். கஜாவைப் பார்த்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

தகட்டைக் காலையிலோ சாயந்திரமோ ஈரத் துணியால் துடையுங்கள். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணி ஊற்றினால் விரிசல் விடலாம்.

பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். போர் தண்ணி, குழாய்த் தண்ணி எதுவும் கூடாது. நம் கடலோர உப்புத் தண்ணி பேட்டரிக்கு விஷம். மிதவை காட்டும் கோட்டுக்குக் கீழே போக விடாதீர்கள். ஆசிட்டை எக்காரணம் கொண்டும் நீங்களே ஊற்றாதீர்கள்.

சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் வாயு வரும். அடுப்பங்கரையிலும் சாமி விளக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். காற்றோட்டமான இடம், பிள்ளைகள் கை எட்டாத இடம் பாருங்கள். பூ பூத்த முனையைச் சுத்தம் செய்து வாசலைன் தடவுங்கள்.

மாட்டும்போது முதலில் பேட்டரி, அப்புறம் தகடு. கழற்றும்போது முதலில் தகடு, அப்புறம் பேட்டரி. வெயில் இருக்கும்வரை தகட்டில் கரண்ட் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். எர்த் இல்லாமல் எவன் வேலையை முடித்தாலும் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அஞ்சு வருசம் கழிச்சு?

தகடு 25 வருசம் உழைக்கும் என்பது உண்மைதான். லெட் ஆசிட் பேட்டரி நன்றாகப் பார்த்துக்கொண்டால் அஞ்சு வருசம். புதுசுக்குப் பதினைந்தாயிரம் ஆகும் என்று வையுங்கள். மாதத்துக்கு 250 ரூபாய். பால் பணத்தில் மாசாமாசம் எடுத்து வைத்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் என்ன ஆகும்? நாமே பார்த்திருக்கிறோமே: கூரையில் தகடு பளபளக்கும், கீழே செத்த பேட்டரி மேல் நெல் மூட்டை அடுக்கியிருக்கும்.

செத்த பேட்டரியை வீட்டில் உடைக்காதீர்கள். உள்ளே இருப்பது ஈயம். மண்ணையும் பிள்ளைகளையும் கெடுக்கும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைத்திருக்கிறது. கடையில் திருப்பிக் கொடுத்து விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லும் வாரண்டி அட்டையும் இருந்தால், பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லாமலே வழக்குப் போடலாம். மனு எழுதச் சங்கம் உதவும்.

நம் கோரிக்கை

2019-ல் வந்த குசும் திட்டத்தில் வயல் சோலார் பம்புக்கு 7.5 எச்.பி. வரை மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு 30 சதவீதம் என்று மானியம் வைத்தார்கள். வரவேற்றோம். வயலுக்குக் கொடுக்க முடிகிறவர்களுக்கு, அந்த வயலில் உழைக்கிறவன் வீட்டு விளக்குக்குக் கொடுக்க ஏன் மனசு வரவில்லை?

2025 செப்டம்பர் 22-ல் தகட்டுக்கு ஜி.எஸ்.டி.யை 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். லெட் ஆசிட் பேட்டரிக்கு 28-லிருந்து 18-க்கு இறக்கியதோடு நிறுத்திக்கொண்டார்கள். 25 வருசத்துக்கு ஒரு முறை வாங்கும் பொருளுக்கு 5, அஞ்சு வருசத்துக்கு ஒரு முறை வாங்கும் பொருளுக்கு 18. இது என்ன நியாயம்?

இன்னொன்று. சோலாரைக் காட்டி, "உங்களுக்கு எதற்கு இலவச மின்சாரம்" என்று எவராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துவோம். 1970-ல் பெருமாநல்லூரில் மூணு விவசாயிகள் துப்பாக்கிக் குண்டுக்கு நெஞ்சைக் கொடுத்தது மின்கட்டணப் போராட்டத்தில். 1990-ல் எல்லா விவசாயிக்கும் கிடைத்த இலவச மின்சாரம் யாரும் போட்ட பிச்சை இல்லை. 2003-ல் கை வைத்தார்கள். 2004-ல் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுச் சோலார் வேறு, வயல் மின்சாரம் வேறு. ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பிடுங்க விட மாட்டோம்.

ஆகவே அரசைக் கேட்கிறோம்:

1. சிறு குறு விவசாயிகள், விவசாயத் தொழிலாளர்கள் வீட்டுச் சோலாருக்குப் பேட்டரியோடு சேர்த்து மானியம் கொடு!

2. பேட்டரிக்கு ஜி.எஸ்.டி.யை 5 சதவீதமாகக் குறை!

3. ஒன்றியத்துக்கு ஒரு சோலார் பழுது பார்க்கும் மையம் திற! ஐ.டி.ஐ. படித்த நம் பிள்ளைகளுக்கு அதில் வேலை கொடு!

4. அஞ்சு வருசப் பராமரிப்பை எழுதிக் கொடுக்காத கம்பெனிக்கு அரசுத் திட்டத்தில் இடம் கொடுக்காதே!

5. சோலாரைக் காரணம் காட்டி இலவச விவசாய மின்சாரத்தில் கை வைக்காதே!

இந்தக் கோரிக்கைகளோடு வட்டாட்சியர் அலுவலகம் முன் கூடுவோம். வரும்போது வெறும் கையோடு வராதீர்கள். ஏமாந்தவர்கள் பில்லைக் கொண்டு வாருங்கள். வாங்கப் போகிறவர்கள் வீட்டுக் கணக்கு எழுதிய பேப்பரைக் கொண்டு வாருங்கள். ஊருக்குப் பத்து வீடு சேர்ந்து ஒரே பில்லில் வாங்கினால் விலையும் குறையும், விற்றவனும் கூப்பிட்டால் வருவான். தனி ஆளாகப் போனால் வாடிக்கையாளர், பத்துப் பேராகப் போனால் சங்கம்.

வெயில் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்த சொத்து இல்லை. வருசம் முழுக்க அதில் காய்கிறவன் வீட்டில் ராத்திரி விளக்கு எரியட்டும்!

ஒன்றுபடுவோம்! உரிமையை வெல்வோம்!