நோய் குற்றமல்ல

சொந்த வயலில் நாம் உழுத காலத்தில், நோய் வந்து படுத்தால் அயலவர் வந்து கதிர் அறுத்துத் தந்தார்கள். இடம்பெயர்ந்து, அரிசி ஆலையிலும் செங்கற் சூளையிலும் கூலிக்கு நின்ற பின் அந்த உதவி இல்லை. மாதக்கணக்கில் வைத்தியசாலையில் கிடந்தால் "இனி வரவேண்டாம்" என்ற சொல்லே வருகிறது. கையில் சிறு தொகையைத் தந்து ஒரு தாளில் கையொப்பமும் வாங்கிவிடுகிறார்கள். நாமும் அதைத் தருமமென எண்ணிக் கும்பிட்டு வாங்குகிறோம்.

நமக்குச் சேரவேண்டியது தருமமல்ல, உழைத்த வருடங்களின் கூலி. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் பூர்த்தி செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். நாட்கூலிக்காரருக்கு வருடத்துக்கு 14 நாட் கூலி. 9 வருடம் உழைத்தவருக்கு 126 நாட் கூலி வரும். முதலாளி நிறுத்தினாலும் நாமே விலகினாலும் இது உரியது. 30 நாட்களுக்குள் கொடுக்காவிட்டால் மேலதிகக் கட்டணமும் சேரும்.

இன்னொன்று. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இத்தகைய இடத்தில் வேலை செய்பவரை ஒழுக்கக் குற்றம் தவிர்ந்த காரணத்துக்காக நிறுத்துவதானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். நோய் குற்றமல்ல. அந்தத் தாளில் கையொப்பம் கேட்கப்படுவது ஏனென்று இப்போது விளங்கும். ஆகவே வாசித்து விளங்காத தாளில் கையொப்பம் இடவேண்டாம். வேலை நீக்கம் பற்றி முறையிட 6 மாதமே உண்டு. நோயாளி எழுந்து நடக்கும்வரை காத்திருந்தால் அந்தக் காலம் கடந்துவிடும். குடும்பத்தார் உடனே தொழில் காரியாலயத்துக்குப் போகவேண்டும்.

இனி எந்த வேலையும் செய்ய இயலாதென வைத்தியர் உறுதிப்படுத்தினால், ஊழியர் சேமலாப நிதியையும் உரிய வயதுக்கு முன்னரே பெறலாம். பணிக்கொடை வேறு, சேமலாப நிதி வேறு. ஒன்றைத் தந்து மற்றதைத் தீர்த்துவிட முடியாது.

எனினும் சட்டத்தில் ஒரு பெருங்குறை உண்டு என்பது எமது கருத்து. அது வருடங்களை எண்ணுகிறது; நமது வருடங்களையோ இடப்பெயர்வு துண்டு துண்டாக்கிவிட்டது. இங்கே மூன்று வருடம், அங்கே நான்கு வருடம் உழைத்தவர் 5 வருடக் கணக்குக்குள் வருவதில்லை. வீட்டு வேலைக்குப் போகும் நம் பெண்களை இச்சட்டம் சேர்க்கவேயில்லை. 15 பேருக்குக் குறைந்த இடங்களில் வேலை செய்பவர் தொழில் நியாய சபையில் விண்ணப்பித்துத்தான் பணிக்கொடை கேட்கவேண்டும். இவை திருத்தப்படவேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வேலைக்குச் சேர்ந்த திகதி, பெற்ற கூலி, சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம், வைத்தியசாலைத் துண்டுகள் ஆகியவற்றை ஒரு கொப்பியில் சேர்த்து வைப்போம். ஓடிவந்தபோது காணி உறுதியை விட்டுவந்து இன்றும் அலைபவர்கள் நம்மிடையே உண்டு. எழுத்தில் இல்லாத உரிமை எவ்வளவு எளிதாகப் பறிபோகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கவேண்டும் என்கிறது வேதாகமம். நோயில் விழுந்தவனுக்குப் பொழுது சீக்கிரமே சாய்கிறது. அவனுக்குரியதைக் கேட்டுப் பெற அவனோடு கூடச் செல்வது நம் அனைவரதும் கடமையாகும்.